தாத்தாவின் தகரப் பெட்டியில் 1939ஆம் ஆண்டு ரூபாய்: கிரேடிங்குக்கு அனுப்பலாமா?

அடையாறு ஆலமரம் | செவ்வாய், மாலை 6.10

வணக்கம். என் தாய்வழித் தாத்தா பெரம்பூர் ரயில்வே பணிமனையில் எழுத்தராக இருந்தவர். சென்ற மாதம் வெள்ளையடிப்பதற்காக அலமாரிகளைக் காலி செய்தபோது அவருடைய தகரப் பெட்டி ஒன்று கிடைத்தது. அதற்குள் 22 வெள்ளி ரூபாய்கள் இருந்தன. 1862 என்று ஆண்டு பொறித்த விக்டோரியா ரூபாய்கள் 4, விக்டோரியாவைப் பேரரசி என்று குறிப்பிடுபவை 5, ஏழாம் எட்வர்டு 3, ஐந்தாம் ஜார்ஜ் 1911ஆம் ஆண்டுக்குரியது ஒன்று, 1912 முதல் 1919 வரையிலானவை 3, 1940களின் ஆறாம் ஜார்ஜ் 5, தனியாக ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருந்த 1939 ஒன்று. இவற்றோடு 1808ஆம் ஆண்டின் 20 காசு செப்பு நாணயம் ஒன்றும், இராமர் பட்டாபிஷேகக் காட்சியோடு 1818 என்றும் ஒரு அணா என்றும் பொறித்த செப்புக் காசு ஒன்றும் இருந்தன.

நண்பர் ஒருவர் மூலமாக அறிமுகமான ஒரு முகவர் இவற்றைப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் அமெரிக்காவுக்கு அனுப்பி கிரேடிங் (நாணயத்தின் தரத்தை மதிப்பிட்டு எண் இடுவது) செய்து, ஸ்லாப் எனப்படும் பிளாஸ்டிக் உறையில் மூடி வாங்கித் தருவதாகச் சொல்கிறார். ஒவ்வொரு நாணயத்துக்கும் கட்டணம் உண்டு, அதில் பாதியை முன்பணமாகத் தர வேண்டும் என்கிறார். 1939ஆம் ஆண்டு ரூபாய், புழங்காத நாணயத்துக்குரிய எம்.எஸ். 62 என்ற தர எண் தேறும், அது ஒன்றே பல லட்சம் போகும் என்பது அவருடைய கணிப்பு. எனக்கு இத்துறையில் எந்த அறிவும் இல்லை. அனுப்பலாமா, வேண்டாமா என்று பெரியவர்கள் சொல்ல வேண்டும்.

தங்கசாலை வாசி | செவ்வாய், இரவு 9.40

தம்பி, முதலில் ஒரு வேண்டுகோள். இந்தப் பதிவைப் படிக்கும் இந்த நிமிடம் முதல் எந்த நாணயத்தையும் தேய்க்காதீர்கள், கழுவாதீர்கள், துணியால்கூடத் துடைக்காதீர்கள். நம் வீடுகளில் வெள்ளி என்றாலே விபூதியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும் பழக்கம் இருக்கிறது. குத்துவிளக்குக்கும் குங்குமச் சிமிழுக்கும் அது சரி. நாணயத்தின் மேல் நூறு ஆண்டுகளாகப் படிந்த கறுப்பையும் அதற்கடியில் உள்ள அச்சு மினுமினுப்பையும் சேர்த்து அது வழித்துவிடும்.

இரண்டாவது, உங்கள் முகவர் சொல்லாமல் விட்டது. தொல்பொருள்கள் மற்றும் கலைக்கருவூலங்கள் சட்டம், 1972இன்படி நூறு ஆண்டுகளுக்குக் குறையாத வயதுடைய நாணயம் தொல்பொருளாகும். அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்பும் உரிமை மத்திய அரசுக்கும் அது அதிகாரம் அளித்த அமைப்புக்கும் மட்டுமே உண்டு. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாத சிறைத்தண்டனை உண்டு, அது மூன்று ஆண்டுவரை போகலாம். கிரேடிங் செய்து திரும்பிவரத்தானே போகிறது என்ற வாதம் எடுபடாது, ஏனென்றால் உறை கடல்கடந்தாலே அது ஏற்றுமதி. உங்கள் 22 ரூபாய்களில் 16, அதோடு 1808ஆம் ஆண்டின் செப்புக் காசும் இந்த வரம்புக்குள் வருகின்றன. 1939ஆம், 1940களின் நாணயங்கள் மட்டும் வயதால் தப்பிக்கின்றன. ஒரு பொருள் தொல்பொருளா இல்லையா என்ற ஐயம் இருந்தால் கேட்க வேண்டிய இடம் இந்தியத் தொல்லியல் துறை. அதன் சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது.

அந்த முகவருக்கு இந்தச் சட்டம் தெரியாது என்றால் அவரிடம் நாணயத்தை ஒப்படைக்கக் கூடாது. தெரிந்தும் சொல்லவில்லை என்றால் நிச்சயமாக ஒப்படைக்கக் கூடாது.

எழும்பூர் வாசகி | புதன், காலை 7.25

ஐயா சொன்ன சட்டத்தைப் பற்றி எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் கிரேடிங் என்பதையே மோசடிபோல ஆக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 1986இல் பி.சி.ஜி.எஸ்., 1987இல் என்.ஜி.சி. என்ற கிரேடிங் நிறுவனங்கள் தொடங்கப்படுவதற்கு முன்னால், விற்பவர் தம் நாணயத்தைப் புதுக்கருக்கு என்பார், வாங்குபவர் அதையே தேய்ந்த காசு என்பார். நடுவில் நின்று சொல்வதற்கு ஆளில்லை. இன்று ஒரு மூன்றாம் தரப்பு, உரிமையாளர் யார் என்று அறியாத மதிப்பீட்டாளர்களைக்கொண்டு, ஒன்று முதல் எழுபது வரையிலான அளவுகோலில் ஓர் எண்ணை இட்டு, நாணயம் உண்மையானது என்ற உத்தரவாதத்தோடு மூடித் தருகிறது. முகம் தெரியாதவரிடம் இணைய ஏலத்தில் வாங்கும் என்னைப் போன்றவர்களுக்கு அது சிறிய உதவி அல்ல. 60 முதல் 70 வரை புழங்காத நாணயம், 50 முதல் 58 வரை ஏறத்தாழ புழங்காதது, 40ம் 45ம் மிக நன்று என்று ஒரு பொதுமொழி உருவாகியிருக்கிறது. மண்ணடியில் இருப்பவரும் மான்செஸ்டரில் இருப்பவரும் அந்த மொழியில் பேசிக்கொள்ள முடிகிறது.

ஆலமரம் அவர்களே, 1939 மட்டும் உண்மையாக இருந்தால் அதைச் சட்டத்துக்கு உட்பட்ட வழியில் கிரேடிங் செய்வது வீண்செலவு ஆகாது என்பதே என் கருத்து.

உருப்பெருக்கி | புதன், காலை 10.05

"உண்மையாக இருந்தால்" என்ற அந்தச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. அதற்கு முன் அந்த எண் அளவுகோலைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அதை 1949இல் வகுத்தவர் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர். அவர் எடுத்துக்கொண்டது அமெரிக்காவின் பழைய பெரிய செப்பு சென்ட் நாணயங்களை மட்டுமே. அடையாளம் காணும் அளவுக்கு மட்டும் மிஞ்சியிருக்கும் தேய்ந்த காசு ஒரு டாலர் என்றால், அதே வகையில் குறையே இல்லாத காசு 70 டாலர் என்பது அன்றைய சந்தைக் கணக்கு. அதாவது அந்த எண் பிறந்தபோது அது விலையாகத்தான் பிறந்தது. சில ஆண்டுகளிலேயே சந்தை மாறி, விலைப் பொருத்தம் போய்விட்டது, எண் மட்டும் தங்கிவிட்டது. இன்று 63க்கும் 64க்கும் உள்ள வேறுபாடு ஒரு நாணயத்தில் சில நூறு ரூபாயாகவும் இன்னொன்றில் சில லட்சமாகவும் இருக்கிறது. முகவர் "62 தேறும்" என்று சொன்னதிலிருந்து உங்களுக்கு விலையைப் பற்றி எதுவும் தெரியவராது.

என்னைக் கேட்டால் மூன்று கேள்விகளை இந்த வரிசையில்தான் கேட்க வேண்டும்: இது உண்மையா, இது அரிதா, இது எந்த நிலையில் இருக்கிறது. நம்மவர்கள் மூன்றாவதிலிருந்து தொடங்குகிறார்கள். 1912ஆம் ஆண்டு ரூபாய் எவ்வளவு பளபளத்தாலும் அது கோடிக்கணக்கில் அச்சடித்த வகையைச் சேர்ந்தது.

இப்போது 1939க்கு வருவோம். பழைய 0.917 தூய்மையுள்ள வெள்ளியில் அடித்த கடைசி ஆண்டு ரூபாய் அது. 1940இலிருந்து வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டு, செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்த்த கலவைக்கு மாறினார்கள். அதோடு, பல்வெட்டின் (விளிம்பைச் சுற்றியுள்ள நெருக்கமான சிறு வரிகள்) நடுவே ஒரு பள்ளம் ஓடும் பாதுகாப்பு விளிம்பையும் கொண்டுவந்தார்கள். 1939ஆம் ஆண்டு நாணயம் மிகக் குறைவாகவே மிஞ்சியிருக்கிறது. அதனால்தான் அதைப் போலச் செய்தவை உண்மையானவற்றைவிடப் பல மடங்கு உலவுகின்றன. ஆகவே உங்களிடம் இருப்பது போலி என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். நாணயம்தான் தன்னை மெய்ப்பித்துக்கொள்ள வேண்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. நகைக்கடையில் பயன்படும் 0.01 கிராம் நுட்பமுள்ள மின்னணுத் தராசில் முதலில் நாணயத்தை எடைபோடுங்கள். ஒரு தோலா, அதாவது 11.66 கிராம் இருக்க வேண்டும், புழக்கத்தில் தேய்ந்ததற்குச் சற்றுக் குறையலாம். பிறகு ஒரு சிறிய கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றி, அதைத் தராசின்மேல் வைத்துப் பூச்சியம் ஆக்குங்கள். மெல்லிய நூலில் நாணயத்தைக் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் நீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டுவது நாணயம் ஒதுக்கிய நீரின் எடை. முதல் எடையை இந்த எடையால் வகுத்தால் ஒப்படர்த்தி கிடைக்கும். 0.917 வெள்ளி என்றால் 10.3ஐ ஒட்டி வரும், பாதி வெள்ளி என்றால் 9.5ஐ ஒட்டி வரும். செம்பும் நிக்கலும் கலந்து வெள்ளிப் பூச்சு பூசியது என்றால் 9க்குக் கீழே இறங்கிவிடும். நாணயத்தின்மேல் காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் கணக்கு தவறும், ஆகவே நூலை மெதுவாக ஆட்டிக் குமிழை விடுவித்துவிட்டுப் பாருங்கள். வெறும் நீரில் நனைப்பதால் நாணயத்துக்குக் கேடில்லை. எடுத்தபின் துடைக்காமல், மெல்லிய காகிதத்தால் ஒற்றி எடுங்கள்.

கீழ்ப்பாக்கத்தான் | புதன், பிற்பகல் 1.15

இவ்வளவு சிரமம் எதற்கு? சௌகார்பேட்டையில் எந்த நகைப் பட்டறையிலும் எக்ஸ்ரே கருவியில் ஒரு நிமிடத்தில் வெள்ளி எத்தனை விழுக்காடு என்று சொல்லிவிடுகிறார்களே.

உருப்பெருக்கி | புதன், பிற்பகல் 1.50

அந்தக் கருவி மேற்பரப்பைத்தான் படிக்கிறது. தடிமனாக வெள்ளிப்பூச்சு இருந்தால் அது பூச்சைப் பார்த்துவிட்டு "நல்ல வெள்ளி" என்று சொல்லிவிடக்கூடும். ஒப்படர்த்தி முழு உடலையும் எடைபோடுகிறது. இரண்டையும் செய்வது நல்லது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன்: இரண்டிலும் தேறினாலும் அது வெள்ளி என்றுதான் பொருளே தவிர, நாணயம் உண்மையானது என்று பொருளல்ல.

மயிலை மாடவீதி | புதன், இரவு 8.30

இராமர் பட்டாபிஷேகக் காசைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லையே. கிழக்கிந்தியக் கம்பெனி இந்துக் கடவுளரின் உருவத்தைக் காசில் பொறித்ததே இல்லை, எனவே அது போலி என்று எங்கோ படித்தேன். சரிதானா?

தங்கசாலை வாசி | புதன், இரவு 10.20

முடிவு சரி, காரணம் தவறு. நம் சென்னையிலேயே கம்பெனி வேங்கடவனையும் இரு தேவியரையும் பொறித்து மூன்று சாமி வராகன் என்ற பொற்காசை வெளியிட்டது. ஒரு பக்கம் திருமாலும் மறுபக்கம் விண்மீனும் கொண்ட நட்சத்திர வராகனும் அதன் வெளியீடுதான். ஊர் மக்கள் நம்பி வாங்கும் உருவத்தைப் பொறித்தால்தான் காசு செல்லும் என்பது வணிகனுக்குத் தெரியாதா?

அந்தச் செப்புக் காசு போலி என்பதற்கு வேறு காரணம் உண்டு. பொதுப் புழக்கத்துக்கான ஒரு அணா நாணயம் 1907இல்தான் வெளிவந்தது, அதுவும் செம்பில் அல்ல, செம்பும் நிக்கலும் கலந்த உலோகத்தில், அலை விளிம்போடு வந்தது. ஆகவே 1818இல் செப்பு ஒரு அணா என்பது பிறக்காத பிள்ளை. இந்த வகையில் 1616, 1717 என்றெல்லாம்கூட ஆண்டு போட்டு விற்கிறார்கள். பூசையறையில் வைக்கவும் கோயில் வாசலில் விற்கவும் பிற்காலத்தில் அடித்த வில்லைகள் இவை. இதைத் தாத்தா பக்தியோடு வைத்திருந்தால் நீங்களும் அப்படியே வைத்திருங்கள். ஆனால் இவற்றை அரிசியை இழுக்கும் இரிடியம் காசு என்று சொல்லி லட்சக்கணக்கில் ஏமாற்றும் கும்பல்கள் நம் மாநிலத்தில் எத்தனை முறை பிடிபட்டிருக்கின்றன என்பதைச் செய்தித்தாள் படிப்பவர்கள் அறிவார்கள். யாராவது தேடிவந்தால் கதவைச் சாத்துங்கள்.

முன்பணம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. பழைய நாணயத்தைப் பெரிய விலைக்கு வாங்கிக்கொள்கிறோம், அதற்கு முதலில் கட்டணமோ கமிஷனோ வரியோ கட்டுங்கள் என்று தன் பெயரைச் சொல்லிக் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை வெளியிட்டது. உங்கள் முகவர் அந்த வகை என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாணயத்தைச் சோதிப்பதற்கு முன்பே லட்சத்தைச் சொல்லி, உடனே முன்பணத்தைக் கேட்பவரிடம் கூடுதல் கவனம் தேவை.

அடையாறு ஆலமரம் | வியாழன், இரவு 9.05

அலுவலகத் தோழரின் மாமா நகைப்பட்டறை வைத்திருக்கிறார். அவர் தராசைக் கடன்வாங்கி, சொன்னபடியே எல்லாவற்றையும் எடைபோட்டேன். பெரும்பாலானவை 11.5க்கும் 11.65க்கும் இடையில் இருந்தன. 1943ஆம் ஆண்டு ரூபாய் 11.61 கிராம், ஒதுக்கிய நீர் 1.22, ஆகவே ஒப்படர்த்தி 9.5. அதன் விளிம்பில் நீங்கள் சொன்ன பள்ளமும் இருக்கிறது.

1862ஆம் ஆண்டு ரூபாய்களில் ஒன்று மட்டும் 10.84 கிராம்தான் இருந்தது. ஒதுக்கிய நீர் 1.24, அதாவது 8.7. விளிம்பில் ஒரு மெல்லிய கோடு சுற்றி ஓடுகிறது, அரசியின் கூந்தல் பின்னல் மழுங்கிச் சோப்பில் செதுக்கியதுபோல் இருக்கிறது. மற்ற மூன்றிலும் அப்படி இல்லை.

1939ஆம் ஆண்டு ரூபாய் 11.58 கிராம், ஒதுக்கிய நீர் 1.12, ஒப்படர்த்தி 10.34! விளிம்பில் பள்ளம் இல்லை, நேரான பல்வெட்டு மட்டுமே. அப்படியானால் உண்மைதானே? வீட்டில் எல்லோரும் மகிழ்ச்சியில் இருக்கிறார்கள்.

இன்னொரு கெட்ட செய்தியும் உண்டு. பேரரசி நாணயங்கள் ஐந்தையும் அம்மா நேற்றுக் காலையே விபூதி போட்டுத் துலக்கிவிட்டார். நான் இந்த விவாத இழையைப் படித்துக்காட்டுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

உருப்பெருக்கி | வியாழன், இரவு 10.15

அந்த 1862 வார்ப்புப் போலி. அச்சால் அடிக்காமல், உண்மை நாணயத்தை அச்செடுத்து உலோகத்தை ஊற்றியிருக்கிறார்கள். விளிம்புக் கோடு இரு பாதி அச்சும் சேர்ந்த இடம். மற்ற மூன்றையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். 1862 என்று பொறித்திருந்தாலும் ரூபாய்கள் 1874 வரை அதே ஆண்டோடு அடிக்கப்பட்டன. அடித்த உண்மையான ஆண்டைக் காட்டுவதற்குப் பூப்பக்கத்தில் சிறு புள்ளிகளை வைத்தார்கள். புள்ளிகளின் எண்ணிக்கையும் அவை இருக்கும் இடமும் மாறுவதற்கேற்ப அரிய வகையா, சாதாரண வகையா என்பதும் மாறும். இதைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பொழுதும் நன்றாகப் போகும்.

1939ஐப் பற்றி இன்னும் மகிழ வேண்டாம். நேற்று நான் சொன்ன கடைசி வரியை மறுபடி படியுங்கள். 1938ஆம் ஆண்டு ரூபாயும் இதே எடை, இதே வெள்ளி, இதே பல்வெட்டு. அது எளிதில் கிடைக்கும். 8இன் கீழ்வளையத்தில் இடப்பக்க வளைவை வெட்டிவிட்டால் 9 ஆகிவிடும். உலோகத்தைச் சோதிக்கும் எந்தக் கருவியாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் உலோகம் முற்றிலும் உண்மை. விளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்து, ஆண்டு எண்ணை மட்டும் மிக அருகில் படமெடுத்துப் போடுங்கள். அந்த நாணயத்திலேயே ஒப்பிடுவதற்கு ஒரு சாட்சி இருக்கிறது: 1939இல் 9 இரண்டு முறை வருகிறது.

எழும்பூர் வாசகி | வெள்ளி, காலை 6.50

பேரரசி நாணயங்களுக்காக வருந்துகிறேன். இனி அவற்றை எந்த நிறுவனத்துக்கு அனுப்பினாலும் எண் வராது. "தவறாகத் துலக்கப்பட்டது" என்ற குறிப்போடு டீடெய்ல்ஸ் என்று எழுதித் திருப்பித் தருவார்கள், அதற்கும் முழுக் கட்டணம் உண்டு. விளக்கின்கீழ் நாணயத்தை மெல்லச் சாய்த்துச் சுழற்றினால் புதுக்கருக்கு நாணயத்தில் ஒளி வண்டிச்சக்கரத்தின் ஆரங்களைப்போலச் சுழன்று வரும். துலக்கியதில் அந்தச் சுழற்சி இருக்காது, மாறாக ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள் தெரியும். அம்மாவிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவை புழங்கிய நாணயங்கள் என்றால் இழப்பு பெரிதாக இருக்காது.

காசுமாலையிலிருந்து கழற்றிய ரூபாய்களுக்கும் இதே கதிதான். தலைக்கு நேர்மேலே விளிம்பில் பற்றுவைத்த தடத்தை எவ்வளவு அரம் போட்டு மறைத்தாலும் பல்வெட்டு அங்கே அறுந்திருக்கும். வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

கீழ்ப்பாக்கத்தான் | வெள்ளி, காலை 9.30

கிரேடிங்கின் பெருமையை வாசகி அவர்கள் எழுதியதால் என் கதையையும் எழுதுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கண்காட்சியில், பெயர் வேண்டாம், ஸ்லாபில் மூடிய எட்வர்டு ரூபாய் ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். பெட்டியில் எண் இருந்தது, கம்பிக்குறி (பார்கோடு) இருந்தது, முத்திரைப் படமும் மின்னியது. வீட்டுக்கு வந்து அந்த எண்ணை நிறுவனத்தின் தளத்தில் தேடியபோது, எண் சரியாகவே இருந்தது. ஆண்டும் 63 என்ற தரமும்கூடப் பொருந்தின. ஆனால் அங்கிருந்த படத்தில் அரசர் கன்னத்தில் ஒரு சிறு வடு, என் நாணயத்தில் அந்த வடு இல்லை. உண்மையான ஒரு ஸ்லாபின் எண்ணைத் திருடிப் போலிப் பெட்டி செய்திருக்கிறார்கள். விற்றவரைத் தேடிப் போனால் அந்த மேசையில் மறுநாள் வேறொருவர் தபால்தலை விற்றுக்கொண்டிருந்தார்.

தங்கசாலை வாசி | வெள்ளி, முற்பகல் 11.10

இதற்காகத்தான் பெட்டியை வாங்காதே, நாணயத்தை வாங்கு என்று நாங்கள் சொல்வது. போலி ஸ்லாப்கள் 2008ஆம் ஆண்டு வாக்கிலேயே வெளிச்சத்துக்கு வந்துவிட்டன. எண்ணைச் சரிபார்ப்பது போதாது, படத்தில் உள்ள ஒவ்வொரு கீறலையும் கையிலுள்ள நாணயத்தோடு ஒப்பிட வேண்டும். அதையும் பணம் கொடுப்பதற்கு முன்னால் கண்காட்சி மேசையிலேயே கைப்பேசியில் செய்துவிட வேண்டும்.

உண்மையான ஸ்லாபும் வேதவாக்கு அல்ல. மதிப்பீட்டாளர்கள் பெரும்பாலும் விளக்கையும் கண்ணையும் நம்பித்தான் தரத்தைச் சொல்கிறார்கள். 62 வந்த நாணயத்தைப் பெட்டியை உடைத்து எடுத்து மறுபடி அனுப்பி 63 வாங்குவதைத் தொழிலாகவே செய்பவர்கள் உண்டு. என் கண்ணுக்கு 58 என்று எழுதிய பல நாணயங்கள் 61 என்று எழுதியவற்றைவிட அழகாக இருக்கின்றன. முன்னது சற்றே புழங்கியது, ஆனால் முகம் தெளிவாக இருக்கும். பின்னது புழங்காதது, ஆனால் சாக்கில் மற்ற நாணயங்களோடு உருண்டு வடுப்பட்டது. மூர் மார்க்கெட் 1985இல் எரிவதற்கு முன்னால் அங்கே நடைபாதையில் உட்கார்ந்து காசு பொறுக்கிய காலத்தில் எங்களுக்கு 58ம் தெரியாது, 61ம் தெரியாது. நிறைய ஏமாந்தோம். அந்த ஏமாற்றத்துக்குச் சான்றிதழ் யாரும் தரவில்லை.

மயிலை மாடவீதி | வெள்ளி, மாலை 5.45

1911ஆம் ஆண்டு ரூபாயும் 20 காசும் பெறுமதியுள்ளவையா என்று ஆலமரம் கேட்கவில்லை, நான் கேட்கிறேன்.

தங்கசாலை வாசி | வெள்ளி, இரவு 8.15

1911 தான் பன்றி ரூபாய். அரசரின் மேலங்கியில் தொங்கும் சங்கிலியில் ஒரு யானை இருக்கிறது. அதன் துதிக்கை குட்டையாக அமைந்துவிட்டதால் பன்றிபோல் தெரிகிறது என்று மக்களிடையே, குறிப்பாக முஸ்லிம்களிடையே எதிர்ப்பு எழுந்தது. அச்சடித்ததில் பெரும்பகுதியைத் திரும்பப்பெற்று உருக்கினார்கள். 1912இலிருந்து துதிக்கை தெளிவாகத் தெரியும்படி அச்சை மாற்றினார்கள். உங்களிடம் 1912ம் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வேறுபாடு கண்ணில் படும். 1911 மற்ற ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்களைவிடக் கூடுதலாகப் போகும். ஆனால் கிடைக்காத பொருள் அல்ல.

20 காசு எனக்கு நெருக்கமானது, நம் ஊருக்காகவே இங்கிலாந்தில் அடித்துக் கப்பலில் அனுப்பியது. அப்படிப் புறப்பட்ட கப்பல்களில் ஒன்றான அட்மிரல் கார்ட்னர், சென்னைக்குரிய செப்புக் காசுப் பீப்பாய்களோடு 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையை அடுத்த குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் அந்தக் காசுகளை லட்சக்கணக்கில் வெளியே எடுத்தார்கள். இருநூறு ஆண்டு வயது, கப்பல் கதை, கம்பெனிச் சின்னம் எல்லாம் இருந்தும், இவ்வளவு கிடைத்துவிட்டதால் விலை எளியதாகவே இருக்கிறது. கடலில் கிடந்தது உப்புநீர் அரித்துப் புள்ளிபுள்ளியாக இருக்கும். உங்களுடையது அப்படி இல்லாமல், பழுப்பேறி மழுங்கியிருந்தால், அது கரைசேர்ந்து நம் கடைத்தெருவில் புழங்கிய காசு. எனக்கு அதுதான் பிடிக்கும், சந்தைக்கு எது பிடிக்கும் என்பது வேறு கதை.

அடையாறு ஆலமரம் | சனி, காலை 11.30

படங்களைப் போட்டிருக்கிறேன். என் கண்ணுக்கு இரண்டு 9களும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. ஆனால் முதல் 9இன் வால் நுனியில் திரண்டு முடிகிறது, கடைசி 9இன் வால் சட்டென்று நின்றுவிடுகிறது.

உருப்பெருக்கி | சனி, பிற்பகல் 12.20

படத்தைப் பார்த்தேன். வால் மட்டுமல்ல, கடைசி எண்ணின் இடப்பக்கம் உள்ள வெற்றுத்தளத்தைப் பாருங்கள். நாணயம் முழுவதும் ஒரே சாம்பல் நிறத்தில் கறுத்திருக்க, அந்த இடத்தில் மட்டும் ஒரு கடுகளவு பகுதி வெளிறியிருக்கிறது. அதற்குள் நுண்ணிய இணைகோடுகள் தெரிகின்றன. உலோகத்தைச் சுரண்டிவிட்டு மெருகு போட்டிருக்கிறார்கள். படத்தை மட்டும் வைத்து இறுதியாகச் சொல்ல நான் விரும்பவில்லை. ஐயா, நீங்கள் நேரில் பார்க்க இயலுமா?

தங்கசாலை வாசி | சனி, பிற்பகல் 2.00

தாராளமாக. எங்கள் தெருவில் இன்று அரசு அச்சகம் இருக்கும் கட்டடத்தில்தான் சென்னை நாணயச்சாலை 1869 வரை இயங்கியது, அந்தப் பக்கம் வந்தால் யாரும் வழி சொல்வார்கள். தனிச்செய்தியில் முகவரி அனுப்புகிறேன், மாலை 5 மணிக்கு வாருங்கள். இருபது மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி என்னிடம் இருக்கிறது. ஒப்பிடுவதற்கு 1938 ஒன்றையும் எடுத்து வைக்கிறேன்.

அடையாறு ஆலமரம் | சனி, இரவு 10.40

போய்வந்தேன். ஐயா என் நாணயத்தையும் அவருடைய 1938ஐயும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து என்னையே பார்க்கச் சொன்னார், அவர் எதுவும் சொல்லவில்லை. 8இன் கீழ்வளையம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறதோ, அதே வட்டத்தில் என் 9இன் அடிப்பகுதி இருக்கிறது. வெட்டிய இடத்தில் உலோகம் சற்றே பள்ளமாகவும் இருக்கிறது. கண்ணாடியை எடுத்த பிறகும் என்னால் அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இதை அமெரிக்காவுக்கு அனுப்பியிருந்தால், "ஆண்டு திருத்தப்பட்டது" என்ற ஒரு வரிக்காகக் கட்டணமும் காப்பீடும் தபால்செலவும் கமிஷனும் கட்டியிருப்பேன். முகவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அவர் மறுவார்த்தை பேசவில்லை.

அந்தக் காகித மடிப்பை இன்றுதான் முழுமையாகப் பிரித்துப் பார்த்தேன். உள்பக்கத்தில் தாத்தாவின் கையெழுத்தில் "மூர் மார்க்கெட், ரூ. 35" என்று இருக்கிறது.

எழும்பூர் வாசகி | ஞாயிறு, காலை 7.10

வருத்தமாக இருக்கிறது. ஆனால் 35 ரூபாய் அந்த நாளில் சிறிய தொகை அல்ல. அவர் அதை உண்மை என்று நம்பித்தான் வாங்கியிருக்க வேண்டும். கிரேடிங்கைப் பற்றி நான் எழுதியதிலிருந்து பின்வாங்கவில்லை. ஆனால் இந்தப் பெட்டியில் உள்ள எதற்கும் அது தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

உருப்பெருக்கி | ஞாயிறு, காலை 8.00

மிச்சத்தை எப்படி வைப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடைகளில் கிடைக்கும் மென்மையான பி.வி.சி. உறைகளில் போட வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் சில ஆண்டுகளில் அது கசிந்து, நாணயத்தின்மேல் பச்சைப் பிசினாகப் படியும். பாலிப்ரொப்பிலீன் அல்லது மைலார் உறை வாங்குங்கள், பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். ஏற்கெனவே பிசின் படிந்திருந்தால் தூய அசிட்டோனில் நனைத்து எடுக்கலாம், அது வெள்ளியைத் தொடாது. நகப்பூச்சை அழிக்கும் திரவம் வேண்டாம், அதில் வேறு பொருட்களும் கலந்திருக்கும். நாணயத்தை எப்போதும் விளிம்பில் பிடித்தே எடுங்கள்.

தங்கசாலை வாசி | ஞாயிறு, காலை 9.20

1939ஐ விற்கவோ தூக்கியெறியவோ வேண்டாம். அதில் 10 கிராமுக்கு மேல் வெள்ளி இருக்கிறது, அதற்கும் மேலாகத் தாத்தாவின் சீட்டு இருக்கிறது. ஆனால் உறையின்மேல் உண்மையை எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் நாற்பது ஆண்டு கழித்து உங்கள் பேரப்பிள்ளை ஒருவர் இதே இழையை மறுபடி தொடங்குவார். அந்த வார்ப்புப் போலிக்கும் அப்படியே செய்யுங்கள்.

அடையாறு ஆலமரம் | ஞாயிறு, இரவு 9.15

செய்துவிட்டேன். ஒரு சீட்டில் "1862, வார்ப்பு, 10.84 கிராம்" என்றும், மற்றொன்றில் "1938, கடைசி எண் திருத்தப்பட்டது" என்றும் பென்சிலால் எழுதி, தாத்தாவின் காகிதத்தோடு சேர்த்து வைத்திருக்கிறேன். துலக்கிய ஐந்தும் அம்மாவின் பூசையறைக்குப் போய்விட்டன. மற்ற மூன்று 1862ஆம் ஆண்டு ரூபாய்களில் ஒன்றின் பூப்பக்கத்தில் இரண்டு புள்ளிகள் தெரிகின்றன, இன்னொன்றில் மூன்று இருப்பதாகத் தோன்றுகிறது, ஆனால் அது அழுக்காகவும் இருக்கலாம். துடைக்காமல் படமெடுத்து நாளை போடுகிறேன்.